கையுயர்த்த ஆளிருந்தால்: ஜொனதன் சம்ப்ஷனை வாசித்தல்

கல்முனையில் சட்டத்தரணியாக இருக்கும் இளைய நண்பர் ஒருவர், ஒரு நாள் மஃரிபுக்குப் பின்னர் வீட்டுக்கு வந்து மெல்லிய புத்தகமொன்றை மேசையில் வைத்தார். “நானா, இதப் படிச்சிட்டுத் தாங்க. மனிசன் வடிவாத்தான் எழுதியிருக்கார். ஆனா ஒரு இடத்தில எனக்கு மீன்முள்ளுச் சிக்கின மாதிரி இரிக்கி” என்றார். எந்த இடம் என்று கேட்டேன். சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரே இருப்பில் வாசித்துவிடக்கூடிய அந்தச் சிறு நூலை மூன்று தடவை வாசித்தபின் எழுதுகிற குறிப்பு இது. நான் சட்டம் படித்தவனல்ல. ஒரு பிரதியை அதன் மொழிக்காகவும், அது யாரை முன்னிருத்திப் பேசுகிறது, யாரை மறந்து பேசுகிறது என்பதற்காகவும் வாசித்துப் பழகியவன். அந்தப் பழக்கத்தை ஒரு சட்டக்காரரின் எழுத்தின் மீது பிரயோகித்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நூலின் பெயர் ‘ட்ரையல்ஸ் ஒஃப் த ஸ்டேட்’. ஆசிரியர் ஜொனதன் சம்ப்ஷன். 1948இல் பிறந்தவர். ஒக்ஸ்ஃபோர்டில் வரலாறு கற்பித்துவிட்டுச் சட்டத்துக்கு வந்தவர். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான நூறாண்டு யுத்தத்தைப் பற்றி ஐந்து பெருந்தொகுதிகள் எழுதியவர். கடைசித் தொகுதி 2023இல் வெளிவந்தது. முழுநேர நீதிபதியாக எந்த நீதிமன்றத்திலும் இருக்காமல், வாதாடும் ஆசனத்திலிருந்து நேரே 2012 ஜனவரியில் பிரித்தானிய உயர் நீதிமன்றத்துக்கு ஏறியவர். 2018 இறுதியில் ஓய்வுபெற்றார். அடுத்த வருடம் மே, ஜூன் மாதங்களில் பிபிசி வானொலிக்காக அவர் ஆற்றிய ஐந்து ரீத் பேருரைகளே இந்நூல்.

நம் ஊர்களில் முன்னர் பிறக்கிராசி வேறு, அப்புக்காத்து வேறு. பிறக்கிராசி கட்சிக்காரனுடன் இருந்து கடதாசி வேலைகளைப் பார்ப்பார். அப்புக்காத்து எழுந்து நின்று வாதாடுவார். சம்ப்ஷன் எலும்புவரை அப்புக்காத்து. ரஷ்யச் செல்வந்தர் அப்ரமோவிச்சுக்காக, பெரெசோவ்ஸ்கிக்கு எதிரான மாபெரும் வழக்கில் வாதாடியவர். அதைவிட நமக்கு நினைவிலிருக்க வேண்டியது பின்யாம் முஹம்மத் வழக்கு. எதியோப்பியாவில் பிறந்து பிரித்தானியாவில் வாழ்ந்த பின்யாம், குவாண்டனாமோவில் அடைக்கப்பட்டவர், சித்திரவதைக்குள்ளானவர். அவ்விடயத்தில் பிரித்தானிய உளவுத்துறைக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைச் சொல்லும் ஏழு பந்திகளை வெளியிடுவதா இல்லையா என்பது 2010இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி. வெளியிடக்கூடாது என்ற அரசாங்கத்தின் பக்கத்தில் நின்றவர் சம்ப்ஷன். தீர்ப்பின் வரைவில் உளவுத்துறையைப் பற்றியிருந்த கடுமையான பந்தியொன்றைத் திருத்தும்படி கேட்டு நீதிமன்றத்துக்குக் கடிதமும் எழுதினார். அந்தக் கடிதம் வெளியில் வந்து பெரும் சர்ச்சையானது. ஏழு பந்திகளும் 2010 பெப்ரவரியில் வெளியாகின.

இதைச் சொல்வது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காகவல்ல. கட்சிக்காரனுக்காக எழுதுவது அப்புக்காத்தின் தொழில். ஆனால் இந்த உரைகளை வாசிக்கும்போது, அரசின் பக்கத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்பதை நன்றாக அறிந்த ஒருவரின் குரல் இது என்பதை நாம் மறக்கக்கூடாது.

முதலில் எழுத்தைப் பற்றி. சட்டக்காரர்களின் எழுத்து என்றாலே நமக்கு ஒரு பயம் உண்டு. மூச்சு முட்டும் வாக்கியம், அடிக்கொரு ‘மேற்சொன்ன’. சம்ப்ஷனின் எழுத்து அப்படியல்ல. குறுகிய வாக்கியங்கள், உலர்ந்த நகைச்சுவை, எதிராளியின் வாதத்தை எதிராளியைவிட நன்றாகச் சொல்லிவிட்டு அதன் பின் வெட்டுகிற திறமை. முதலுரையில் 2017இன் சார்லி கார்ட் வழக்கை எடுக்கிறார். குணமாக்க முடியாத மரபுவழி நோயுடன் பிறந்த குழந்தை. அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் புதிய சிகிச்சையொன்றைச் செய்து பார்க்கப் பெற்றோர் விரும்பினர். வைத்தியசாலை மறுத்தது, நீதிமன்றம் வைத்தியசாலையின் பக்கம் தீர்த்தது. ஒரு காலத்தில் குடும்பத்துக்குள்ளும் வைத்தியரின் அறைக்குள்ளும் முடிந்த விடயத்துக்குள் சட்டம் எப்படி வந்து குந்திக்கொண்டது என்று அவர் கேட்கும்போது, வாசகன் தன்னையறியாமலே தலையாட்டத் தொடங்கிவிடுகிறான். கதைசொல்லியின் தந்திரம்தான் அது. வாதம் பின்னால்தான் வருகிறது.

வாதம் இதுதான்: சட்டத்தின் இராச்சியம் விரிந்துகொண்டே போகிறது, அரசியலின் இராச்சியம் சுருங்கிக்கொண்டே வருகிறது. மக்கள் கட்சிகளை விட்டு விலகிவிட்டார்கள், அரசியல்வாதிகளை நம்புவதில்லை. வெற்றிடமான இடத்தில் நீதிபதிகள் வந்து அமர்கிறார்கள். கருக்கலைப்பு, தற்கொலைக்கு உதவுதல், கைதிகளின் வாக்குரிமை போன்றவை சமூகம் பேசிப் பிணங்கி, விட்டுக்கொடுத்துத் தீர்க்க வேண்டிய கேள்விகள். நீதிமன்றத்தில் விட்டுக்கொடுப்பு இல்லை, வெற்றியும் தோல்வியுமே உண்டு. ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சமவாயத்தின் 8ஆம் உறுப்புரையிலுள்ள தனிவாழ்வுக்கும் குடும்பவாழ்வுக்குமான உரிமையை இழுத்து இழுத்து, அதை எழுதியவர்கள் கனவிலும் காணாத இடங்களுக்கெல்லாம் கொண்டுபோய்விட்டது என்கிறார்.

எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல இது. நீதிபதி நல்லவராக இருப்பதை நம்பி வாழும் சமூகம் பலவீனமான சமூகம் என்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. மேலும், சம்ப்ஷன் உரிமைகளின் எதிரியுமல்லர். நியாயமின்றி அடைக்கப்படாமை, சட்டத்தின் முன் சமத்துவம், சுதந்திரமான நீதிமன்று, கருத்துச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம் ஆகியவை இல்லாமல் நாகரிக வாழ்வே இல்லை என்று ஒத்துக்கொள்கிறார். மற்றவற்றை அரசியலிடம் விடுங்கள் என்பதே அவரது கோரிக்கை.

அவர் அரசியலிடம் விடச் சொல்லி மூன்று மாதங்கள் கடந்தபோது, அரசியல் பாராளுமன்றத்தின் கதவையே பூட்டியது.

பிரித்தானியாவுக்கு ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. பாதி சட்டம், பாதி வழமை. வழமை என்பது ‘இதையெல்லாம் ஒரு கண்ணியவான் செய்யமாட்டான்’ என்ற நம்பிக்கை. அங்குள்ள வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னெஸி இதை ‘நல்ல ஆட்கள்’ கோட்பாடு என்று பாதி கேலியாகச் சொல்வார். 2019 ஓகஸ்ட் 28இல் பிரதமர் பொரிஸ் ஜோன்சன், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதற்கான நாள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், பாராளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்கும்படி மகாராணிக்கு ஆலோசனை வழங்கினார். சட்டப்படி அந்த அதிகாரம் உண்டு. வழமைப்படி அதை இப்படிப் பயன்படுத்தக்கூடாது. செப்டெம்பர் 24இல் ஹேல் சீமாட்டி தலைமையில் பதினொரு நீதியரசர்கள் ஏகமனதாக அந்த ஆலோசனை சட்டவிரோதமானது என்று தீர்த்தார்கள். மறுநாளே பாராளுமன்றம் கூடியது.

நீதிமன்றம் அரசியலுக்குள் மூக்கை நுழைக்கக்கூடாது என்று சொன்னவர் இதற்கு என்ன சொன்னார்? தீர்ப்புக்கு முன்னர், பிரதமர் செய்தது வெட்கக்கேடு, ஆனால் சட்டவிரோதமல்ல என்ற நிலையில் இருந்தார். தீர்ப்புக்குப் பின்னர் அதை ஆதரித்து எழுதினார். வழமைகளைப் பிரதமரே உடைத்துப்போட்ட பின்னர், சட்டம் அந்த இடத்தை நிரப்பியதில் வியப்பில்லை என்பது அவரது நியாயம். ஒரு மனிதன் தன் கருத்தை மாற்றிக்கொள்வது பிழையல்ல. எழுத்தாளர்களில் அதைச் செய்யத் துணிந்தவர்கள் குறைவு. ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் நூலின் நடுத்தூண் ஆட்டங்கண்டுவிடுகிறது என்பதை அவர் எங்கும் விரிவாகப் பேசியதாக நான் காணவில்லை. அரசியல் தன் ஒழுங்கைத் தானே காத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையின் மேல்தானே ஐந்து உரைகளும் நிற்கின்றன?

அதன் பின் நடந்தவை தெரிந்தவை. அமைச்சர்களின் நடத்தைக் கோவையைக் காக்க நியமிக்கப்பட்ட ஆலோசகர் அலெக்ஸ் அலன் 2020இல் விலகினார். அவருக்குப் பின் வந்த கெய்ட் பிரபு 2022இல் விலகினார். அந்தக் கோவை சட்டமல்ல. அதை மீறியவர் யார் என்று முடிவுசெய்பவர் பிரதமர். மீறியவர் பிரதமராகவே இருந்தால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதிலில்லை. பொதுமுடக்கக் காலத்து விருந்துக்காகப் பிரதமர் 2022 ஏப்ரலில் பொலிஸாருக்குத் தண்டப்பணம் கட்டினார். இறுதியில் அவரை வெளியேற்றியது நீதிமன்றமல்ல, சொந்தக் கட்சியினர்தான். சபையை வேண்டுமென்றே தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூனில் அறிக்கையிட்டதும் பாராளுமன்றக் குழுதான். ஆகவே சம்ப்ஷனுக்கும் இங்கு ஒரு புள்ளி உண்டு: தாமதமாகவேனும் அரசியல் தன் அழுக்கைத் தானே கழுவியது.

கழுவியது சரி. யாருடைய அழுக்கை? பெரும்பான்மையினர் கோபப்பட்ட அழுக்கை. தங்கள் தாய் தந்தையரின் மரணப் படுக்கைக்குப் போக முடியாமலிருந்த பலர், பிரதமரின் வீட்டில் போத்தல் திறக்கப்பட்டதை அறிந்து கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு வாக்குகளாக மாறும் என்று கட்சி பயந்தது. பெரும்பான்மை கோபப்படாத விடயங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. நண்பரின் மீன்முள்ளும் அங்கேதான் சிக்கியிருக்க வேண்டும்.

பெல்மார்ஷ் வழக்கை எடுத்துக்கொள்வோம். 2001 செப்டெம்பருக்குப் பின் பிரித்தானியா அவசரமாக ஒரு சட்டம் இயற்றியது. பயங்கரவாதச் சந்தேகநபர் வெளிநாட்டவராக இருந்து, அவரை நாடுகடத்தவும் முடியாதிருந்தால், விசாரணையின்றிக் காலவரையறையின்றி அடைத்துவைக்கலாம். லண்டனின் பெல்மார்ஷ் சிறைக்குப் போனவர்கள் முஸ்லிம்கள். பாராளுமன்றம் ஒரு மாதத்துக்குள் அதை நிறைவேற்றியது. அந்த மனிதர்களுக்கு வாக்கில்லை, அவர்களுக்காக வாக்கிழக்கத் தயாரானவர்கள் மிகச் சிலரே. 2004 டிசெம்பர் 16இல் பிரபுக்கள் சபையின் ஒன்பது நீதியரசர்களில் எட்டுப் பேர் அந்த ஏற்பாடு மனித உரிமைகளுக்கு முரணானது என்று தீர்த்தார்கள். தலைமை தாங்கியவர் பிங்கம் பிரபு. அவரது நியாயம் ஒரு சிறுவனுக்கும் விளங்கக்கூடியது: அதே ஆபத்து பிரித்தானியப் பிரஜைகளிடமிருந்தும் வருகிறது, அவர்களை அடைக்காமல் வெளிநாட்டவரை மட்டும் அடைப்பதென்றால், அடைப்பதற்கான காரணம் ஆபத்தல்ல, அந்நியம்.

அந்தத் தீர்ப்பால் சிறைக்கதவு உடனே திறக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1998இன் மனித உரிமைகள் சட்டத்தின்படி பிரித்தானிய நீதிமன்றம் ஒரு சட்டத்தை வெட்டியெறிய முடியாது. முரணானது என்று பிரகடனம் மட்டுமே செய்யலாம். கைதிகள் 2005 மார்ச்சில்தான் வெளியே வந்தார்கள், அதுவும் புதிய சட்டமொன்றின் கீழான கட்டுப்பாட்டு உத்தரவுகளோடு. அதாவது கடைசிச் சொல் பாராளுமன்றத்திடமே இருந்தது. ஆனால் நீதிமன்றம் சொன்ன பின்னர் பாராளுமன்றத்தால் பழையபடி பேச முடியவில்லை.

பிங்கம் 2010இல், தன் மரணத்துக்குச் சில மாதங்களுக்கு முன், ‘த ரூல் ஒஃப் லோ’ என்ற நூலை வெளியிட்டார். சட்டவாட்சி என்றால் என்ன என்பதை எட்டுக் கோட்பாடுகளாகப் பிரித்துச் சொல்கிற நூல். சம்ப்ஷனின் மினுக்கு அதிலில்லை. நிதானமாகப் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியரின் மொழி. ஈராக் யுத்தம் சர்வதேசச் சட்டத்தைப் பாரதூரமாக மீறியது என்பதையும் அவர் 2008இலேயே ஒரு பகிரங்க உரையில் சொல்லியிருந்தார். அந்த யுத்தத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த சட்டமா அதிபரின் அபிப்பிராயம் தவறானது என்று, ஓய்வுபெற்ற கையோடு, அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிபதியாக இருந்தவர் சொன்னது சிறிய விடயமல்ல. இரு நூல்களையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒன்று தெரிகிறது. சம்ப்ஷனின் பிரதியில் வாசகன் ஒரு வாக்காளன். பிங்கமின் பிரதியில் வாசகன் என்றோ ஒரு நாள் கைதாகக்கூடியவன்.

சம்ப்ஷன் விரும்பியபடி நீதிமன்றம் பின்வாங்கி நின்றால் எப்படியிருக்கும்? ஷமீமா பேகம் வழக்கு அதற்கு உதாரணம். 2015 பெப்ரவரியில் லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போனபோது அவருக்கு வயது 15. போன இடம் ஐஎஸ் இயக்கத்தின் ஆட்சிப்பகுதி. அந்த இயக்கம் முஸ்லிம்களுக்கே செய்த கொடுமைகளை நாம் இங்கு எழுத வேண்டியதில்லை; அவர் செய்ததை நியாயப்படுத்துவதும் என் நோக்கமல்ல. 2019 பெப்ரவரியில் உள்துறை அமைச்சர் அவரது பிரித்தானியப் பிரஜாவுரிமையைப் பறித்தார். அகதி முகாமில் பிறந்த அவரது குழந்தை அடுத்த மாதம் இறந்தது. தன் வழக்கை நடத்துவதற்காக நாடு திரும்பலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் தீர்த்தது. 2021 பெப்ரவரி 26இல் உயர் நீதிமன்றம் அதை ஏகமனதாக நிராகரித்தது. தேசியப் பாதுகாப்பு பற்றிய மதிப்பீடு பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூறும் அமைச்சருக்குரியது, நீதிமன்றம் அதற்குரிய மதிப்பை அளிக்க வேண்டும் என்பது ரீட் பிரபுவின் தீர்ப்பினது சாரம்.

பாராளுமன்றத்துக்குப் பொறுப்புக்கூறும் அமைச்சர். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விடயத்தில் அமைச்சரைச் சபையில் எழுந்து கேள்வி கேட்பதால் எந்த உறுப்பினருக்கு ஒரு வாக்குக் கூடும்? பறிப்பதுதான் அன்று மக்கள் மத்தியில் செல்வாக்கான முடிவு. இங்கே பொறுப்புக்கூறல் என்பது கைதட்டல் கேட்பதாகவே முடிகிறது. இன்னொன்றும் உண்டு. ஒருவரை நாடற்றவராக்கக்கூடாது என்று சட்டம் சொல்வதால், வேறொரு நாட்டின் பிரஜாவுரிமை உள்ளவரிடமிருந்துதான் பறிக்கலாம். ஷமீமா இங்கிலாந்தில் பிறந்தவர்; பெற்றோரின் வழியாக அவர் பங்களாதேஷ் பிரஜை என்று அமைச்சு வாதிட்டது; பங்களாதேஷ் அவரை ஏற்க மறுத்தது. விளைவு என்ன? யோர்க்ஷயர் விவசாயியின் மகள் இதே குற்றத்தைச் செய்திருந்தால் சிறைக்குப் போவாள், ஆனால் பிரித்தானியராகவே போவாள். சில்ஹெட்டிலிருந்து வந்தவரின் மகளுக்கு அது நிச்சயமில்லை. நிறத்தையோ மதத்தையோ பெயரிட்டுச் சொல்லாத ஒரு சட்டம், யாரைத் தேடிப் போக வேண்டுமோ அவரைச் சரியாகத் தேடிப் போகிறது.

இது நமக்குப் புதிய அனுபவமல்ல. 1948இல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரைப் பெயர் சொல்லாமலே நாடற்றவராக்கியது. சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு பாரபட்சமான சட்டங்களைத் தடைசெய்தது என்று நம்பி, கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை போனது. 1953இல் அங்கிருந்த நீதிபதிகள், தன் பிரஜைகள் யாரென்று தீர்மானிப்பது எந்த நாட்டினதும் இயல்பான அதிகாரம் என்று கூறித் தள்ளிவிட்டார்கள். ஆகவே நீதிமன்றம் எப்போதும் கைகொடுக்கும் என்ற மயக்கமும் எனக்கில்லை. அரசியல் கைவிட்ட இடத்தில் நீதியும் கைவிட்ட கதை அது.

இவ்வளவு தூரம் எழுதிவிட்டு, சம்ப்ஷனுக்கு எதிராக வழக்கை முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒரு சம்பவம் தடுத்தது.

2020 மார்ச்சில் பிரித்தானிய அரசாங்கம் கொவிட் அவசரகாலச் சட்டமூலத்தைக் கொண்டுவந்தது. உடல்கள் பெருகி இடமில்லாமல் போனால், இறந்தவரின் விருப்பத்தைப் பாராமலே தகனம் செய்ய உள்ளூராட்சி சபைகளுக்கு வழிதிறக்கும் ஏற்பாடு அதிலிருந்தது. பிரட்ஃபோர்ட் மேற்குத் தொகுதியின் உறுப்பினர் நாஸ் ஷா அதற்கெதிராகத் திருத்தம் கொண்டுவந்தார். கட்சி வேறுபாடின்றி நூற்றுக்கும் அதிகமான உறுப்பினர்கள் அவருடன் சேர்ந்தார்கள். முஸ்லிம் அமைப்புகளும் யூத அமைப்புகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. சில நாட்களுக்குள், மார்ச் 23இல், அரசாங்கம் இறங்கிவந்து சட்டமூலத்தைத் திருத்தியது. எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதவில்லை. பேச்சு, கையொப்பம், பேரம், விட்டுக்கொடுப்பு: சம்ப்ஷன் தன் இரண்டாவது உரையில் புகழ்ந்த அரசியல் அப்படியே நடந்தது. ஜனாஸாக்கள் மண்ணுக்குப் போயின.

இங்கே என்ன நடந்தது என்பதை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. நல்லடக்கத்துக்கான மனுக்களை நமது உயர் நீதிமன்றம் 2020 டிசெம்பர் 1இல் விசாரணைக்கு எடுக்காமலே பெரும்பான்மைத் தீர்மானத்தால் தள்ளுபடி செய்தது. கையுயர்த்த ஆளில்லாமலும் இல்லை. அதே வருடம் ஒக்டோபரில் இருபதாவது திருத்தத்துக்காக எதிர்க்கட்சி ஆசனங்களிலிருந்தே நம்மவர் பலர் கையுயர்த்தினார்கள். அதன் பின்னரும் நான்கு மாதங்கள் எரிந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்க அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அங்கே அரசியல் வேலை செய்தது, இங்கே செய்யவில்லை. ஏன்? எண்ணிக்கை மட்டும் காரணமென்றால் நம் பங்கு அங்கிருப்பவர்களின் பங்கைவிடப் பெரியது. நாஸ் ஷாவின் திறமையென்று சொல்லலாம், பாதி உண்மை. மீதி உண்மை ஒரு பழைய சட்டத்துக்குள் கிடக்கிறது. 1984இன் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, பொறுப்பேற்க ஆளில்லாத உடல்களை அப்புறப்படுத்தும் கடமையை உள்ளூராட்சி சபைகளுக்குக் கொடுத்துவிட்டு, இறந்தவரின் விருப்பத்துக்கு மாறானதென்று நம்பக் காரணமிருந்தால் தகனம் செய்யக்கூடாது என்று தெளிவாகத் தடுக்கிறது. கொவிட் சட்டமூலம் தள்ளிவைக்க முயன்றது அந்தத் தடையைத்தான். ஆகவே நாஸ் ஷா புதிய சலுகையொன்றைக் கேட்டு நிற்கவில்லை. ஏற்கெனவே இருப்பதை எடுக்காதீர்கள் என்றார். கெஞ்சுகிறவனின் குரலுக்கும் தன் பொருளைத் திருப்பிக் கேட்கிறவனின் குரலுக்கும் எவ்வளவு வித்தியாசம்! இறுதியில் கிடைத்தது பழைய கண்டிப்பான தடையல்ல. இறந்தவரின் விருப்பத்தையும் நம்பிக்கையையும் கருத்திற்கொள்ள வேண்டும் என்ற சற்றே தளர்ந்த கடமை. அதுவும் போதுமாயிருந்தது.

சம்ப்ஷனுடன் நான் பிணங்கும் இடம் இதுதான். அவர் சட்டத்தையும் அரசியலையும் தராசின் இரு தட்டுகளாகக் காண்கிறார்: ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். நாஸ் ஷாவின் கதையில் அப்படி நடக்கவில்லை. எண்ணிக்கையற்றவர்கள் அரசியலில் பேரம்பேசக் காலூன்ற ஒரு கல் வேண்டியிருக்கிறது; அந்தக் கல்லை அங்கே சட்டம் போட்டுவைத்திருந்தது. கல்லே இல்லாத இடத்தில் கையுயர்த்தியவர்கள் எதற்காக உயர்த்தினார்கள் என்பது அவர்களுக்கே தெரியாமல் போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1984ஆம் ஆண்டுச் சட்டம்தான் சம்ப்ஷனின் பிற்கால வாழ்வையும் ஆட்டிவைத்தது. 2020 ஒக்டோபரில் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையொன்றில், அச்சட்டம் நோயாளிகளைக் கட்டுப்படுத்தவே அதிகாரம் தருகிறது, சுகதேகிகளான முழு நாட்டையும் வீட்டுக்குள் பூட்ட அல்ல, ஆகவே அரசாங்கம் கட்டளைகளால் ஆள்கிறது என்று சாடினார். நீதிமன்றங்கள் தூங்குகின்றன என்ற ஆதங்கம் அதன் பின் அவரது எழுத்துகளில் அடிக்கடி தலைகாட்டியது. அந்த வாதத்தை மேன்முறையீட்டு நீதிமன்றம் டோலன் வழக்கில் ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பும் வந்தது 2020 டிசெம்பர் 1இல். பாராளுமன்றம் கொடுத்த அதிகாரத்தின் எல்லையைப் பார்ப்பது நீதிமன்றத்தின் பழைய வேலைதான், இதில் முரணில்லை என்று அவர் தரப்பில் சொல்லலாம். ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும், பெல்மார்ஷைப் பற்றிப் பேசும்போது இல்லாத ஒரு சூடு, பூங்காவில் நடக்கும் உரிமையைப் பற்றி எழுதும்போது அவரது வாக்கியங்களில் ஏறிவிடுகிறது. தன் வீட்டுக் கதவில் பூட்டு விழும்போதுதான் எவருக்கும் சட்டம் தேவைப்படுகிறது போலும். அவரைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான்.

அவருக்கு நியாயமாக இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ருவாண்டா பாதுகாப்பான நாடல்ல என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்த்தபோது, பாதுகாப்பானதுதான் என்று சட்டமே இயற்றிவிடலாம் என அரசாங்கம் கிளம்பியது. 2024 ஏப்ரலில் இயற்றியும்விட்டது. இல்லாத ஒன்றைச் சட்டத்தால் உண்டாக்கும் அந்த வித்தையைச் சம்ப்ஷன் கடுமையாகக் கண்டித்தார். அவ்வருடம் ஜூலையில் வந்த புதிய அரசாங்கம் திட்டத்தையே கைவிட்டது. மற்றது ஹொங்கொங். 2019 முதல் அங்குள்ள இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதியரசராக இருந்தவர், விமர்சனங்கள் வந்தபோதெல்லாம் அதை நியாயப்படுத்தியவர், 2024 ஜூனில் விலகினார். விலகிய கையோடு, அங்கு சட்டவாட்சி ஆழமாகச் சிதைந்துவிட்டது, நீதிபதிகளும் அச்சத்தின் நிழலில் வேலை செய்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதினார். அரசியல் செத்த இடத்தில் சட்டம் தனியே உயிர்வாழாது என்பதற்கு அவரது சொந்த அனுபவமே சாட்சியாகிவிட்டது. இந்த அனுபவத்தோடு அவர் ரீத் பேருரைகளை மீண்டும் எழுதினால் எப்படி எழுதுவார் என்று அறிய ஆவல்.

இரண்டாவது உரையைத் தமிழாக்கி இச்சஞ்சிகைக்குத் தரலாமா என்று யோசித்தேன். தலைப்பிலேயே தடக்கிவிட்டது. அரசியலைப் போற்றுதல் என்பதே அதன் பொருள். நம்மிடையே ‘அரசியல்’ என்பது வசைச்சொல். பள்ளிவாசல் நிர்வாகத்தில் சண்டை வந்தாலும், பாடசாலைக்கு அதிபர் நியமனம் பிழைத்தாலும், ‘இதுக்குள்ள அரசியல் புகுந்துட்டு’ என்போம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சம்ப்ஷனைப் பெயர்த்தால் வாசகர் சிரிப்பார். வேறு சொல்லும் எனக்குக் கிடைக்கவில்லை.

புத்தகம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நண்பர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். இரண்டாவது உரையின் ஓரிடத்தில், பக்க ஓரமாக, பென்சிலால் மெல்லிய கோடொன்று போட்டு, ‘நம்மட ஆக்கள்?’ என்று எழுதியிருக்கிறார். மூன்றாவது தடவை வாசிக்கும்போதுதான் அதைக் கண்டேன்.